வந்துட்டேன்

எங்கள் வீட்டு இரும்பு கேட் திறக்கும்போது சும்மா இருக்கும். சாத்தும்போதுதான் கிறீச்சென்று கத்தும். அந்தக் கத்தலுக்குப் பின்னாலேயே என் வீட்டுக்காரரின் குரல் வரும். "வந்துட்டேன்!" கல்யாணமாகி வெள்ளானூருக்கு வந்த முதல் வாரத்திலிருந்து கேட்கிறேன். அவர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வெல்டர். ஷிப்ட் முடிந்து வந்து வண்டியை நிறுத்தினால் இந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் செருப்பைக் கழற்ற மாட்டார். நான் அடுப்படியில் இருந்தாலும் சரி, மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாலும் சரி, "வாங்க" என்று பதில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் மறுபடியும் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவளுக்கும் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

மகள் கோயம்புத்தூர் கல்லூரிக்குப் போனாள். அவளுக்குப் புது லேப்டாப் வாங்கியதில் பழையது என் பங்குக்கு வந்தது. ஓரத்தில் ஒரு கீ கழன்றுபோய், மேல்மூடியில் அவள் ஒட்டிய பூனை ஸ்டிக்கரோடு வந்தது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது, பகல் முழுக்கக் காலியான வீடு. நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பும் பிறகு கொஞ்ச காலமும் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பில் போடும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் கொஞ்ச நாளைக்கு என்றுதான் விட்டேன். அந்தக் கொஞ்ச நாள் எப்படி இத்தனை வருடமாயிற்று என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

மறுபடி வேலை தேடினேன். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "நடுவுல இவ்ளோ வருஷம் என்ன பண்ணீங்க?" எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஓர் ஆளிடம் "சோறு ஆக்கினேன் சார், நல்லா வந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வேலையும் கிடைக்கவில்லை.

கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன அலுவலகம். போனில் பேசிய பெண் வருடக் கணக்கே கேட்கவில்லை. "மேடம், ஒரு கிளவுட் டேட்டாபேஸ்ல கணக்கு ஆரம்பிங்க. ஜாவாஸ்கிரிப்ட்ல இருந்து அதுகூட இணைங்க. உங்களுக்குப் பிடிச்ச எதையாவது உள்ள போட்டு, திரும்ப எடுத்து ஒரு பக்கத்துல காட்டுங்க. வெள்ளிக்கிழமை உங்க லேப்டாப்லயே கொண்டுவந்து ஓட்டிக் காமிங்க. ஓடுச்சுன்னா மேல பேசலாம்" என்றாள். போனை வைத்ததும் சமையல் மேடை மேல் உட்கார்ந்துவிட்டேன். என்னை நானாகப் பார்த்து ஒருவர் வேலை கொடுத்து எவ்வளவு நாளாயிற்று! இதுவும் கைவிட்டுப் போனால் இனி யாருக்கும் விண்ணப்பம் போடுவதில்லை, லேப்டாப்பை மூடிப் பரணில் வைத்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இன்னொரு முறை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

என் காலத்தில் டேட்டாபேஸ் என்றால் மேஜைக்கடியில் ஒரு பெட்டி இருக்கும், தூசி தட்டலாம், கோபம் வந்தால் ஓர் உதையும் கொடுக்கலாம். இப்போது அது கிளவுடில் இருக்கிறதாம். பெயர்தான் மேகம், மும்பைப் பக்கம் ஏதோ ஒரு கட்டடத்தில், ஏசி போட்ட அறையில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. நான் எழுதுகிற ஜாவாஸ்கிரிப்ட் அதற்கு நேரடியாகப் புரியாது. இங்கே சொல்வதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்து, அங்கே கொடுப்பதை இங்கே வாங்கி வருவதற்கு நடுவில் ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். அதற்குப் பெயர் டிரைவர். இதை என் வீட்டுக்காரரிடம் சாப்பாட்டு மேஜையில் விளக்கினேன்.

"டிரைவரா? சம்பளம் நீ குடுக்கணுமா?"

"இலவசங்க."

"இலவசமா வர்ற டிரைவர நம்பாத. எங்கனா கொண்டுபோய் வுட்டுருவான்" என்றார், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

அவர் வாய் முகூர்த்தம் பலித்தது. முதல் நாள் டிரைவர் என்னை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. கணக்கு ஆரம்பித்தேன். ஒரு பயனர் பெயர், ஒரு பாஸ்வேர்டு. டிரைவரை இறக்கிக்கொள்ள ஒரே ஒரு வரிக் கட்டளை. டேட்டாபேஸின் முகவரி முழ நீளத்துக்கு ஒரு வரி, அதை நகலெடுத்து பாஸ்வேர்டைச் சரியான இடத்தில் செருகினேன். ஓட்டினேன். கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அரை நிமிடம் கழித்து ஒரு முழம் சிவப்பு எழுத்து. தேடிப் பார்த்தும் சேவையகத்தை அடைய முடியவில்லையாம். பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தேன், டிரைவரை நீக்கி மறுபடி இறக்கினேன், லேப்டாப்பை அணைத்து எழுப்பினேன். அரை நிமிடம், ஒரு முழம் சிவப்பு. அட ராமா என்று ஆகிவிட்டது.

அடுத்த நாள்தான் விஷயம் புரிந்தது. எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறவர்களை உள்ளே விடலாம் என்று முதலில் அங்கே பதிந்து வைக்க வேண்டும். பதியாத ஆள் எவ்வளவு கதவைத் தட்டினாலும் அது வாயைத் திறக்காது. எனக்கு உடனே கல்யாணமான புதிது ஞாபகம் வந்தது. ஒருநாள் அவர் சாப்பாட்டு கேரியரை மறந்துவிட்டுப் போய்விட்டார். நான் அதைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் இன்னாருடைய பெண்சாதி என்றேன், சாம்பார் ஆறிப்போகும் என்றேன், கெஞ்சினேன், கடைசியில் சண்டையும் போட்டேன். "பேரு இல்லம்மா. நீ யாரா இருந்தா எனக்கின்னா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வெயிலில் கேரியரோடு திரும்பி வந்தேன். இப்போது மும்பை வாசலிலும் அதே கதை. எங்கள் வீட்டு முகவரியைப் பதிந்தேன். சிவப்பு எழுத்து நின்றது.

கொஞ்ச நேரத்துக்குத்தான். எங்கள் பக்கம் கரண்டுக்குக் கண்ட நேரத்தில் கொட்டாவி வரும். கரண்ட் போனால் வைஃபை பெட்டி செத்துவிடும். போனிலிருந்து இணையத்தை இழுத்தேன். மறுபடியும் சிவப்பு. போன் வழியாகப் போனால் முகவரி வேறாம்! மாமியார் வீட்டுக்குப் போய் வந்தால்கூட என்னை அடையாளம் தெரியாது போலிருக்கிறது என்று அந்த டேட்டாபேஸைத் திட்டிக்கொண்டே அதையும் பதிந்தேன். அன்றிலிருந்து எங்கே போய் உட்கார்ந்தாலும் முதல் வேலை அந்த இடத்தின் முகவரியைப் பதிவது என்று கை பழகிவிட்டது. எழுதுவதெல்லாம் தானாகவே சேமித்துக்கொள்ளும்படியும் எடிட்டரில் வைத்துவிட்டேன். எப்போது கரண்ட் போகும் என்று யார் கண்டது?

பிறகு எதை உள்ளே போடுவது என்று யோசித்தேன். உங்களுக்குப் பிடித்த எதையாவது என்றாளே அந்தப் பெண். சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் கண்ணில் பட்டது சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டர். அதில் அவருடைய ஷிப்டுகளைக் குறித்து வைத்திருப்பேன். இந்த வாரம் காலை, அடுத்த வாரம் மதியம், எத்தனை மணிக்குக் கிளம்புவார், எப்போது வீடு திரும்புவார். இத்தனை வருடமாக என் அடுப்பு எரிந்தது, அணைந்தது, எல்லாம் அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான். அதையே டேட்டாபேஸில் தமிழில் ஏற்றினேன். பக்கத்தைத் திறந்தால், இன்றைக்கு என்ன ஷிப்ட், எப்போது வருவார் என்று காட்ட வேண்டும்.

பக்கம் அப்படிக் காட்டவில்லை. ஷிப்ட் இருக்க வேண்டிய இடத்தில் 'பிராமிஸ், பெண்டிங்' என்று ஆங்கிலத்தில் எழுதி வந்தது. தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறதாம், இன்னும் தரவில்லையாம். அவ்வளவு தூரத்திலிருந்து வருவதற்குக் கொஞ்சம் நேரமாகும், வரும் வரை காத்திரு என்று புரோகிராமில் ஒரு சொல் எழுதியிருக்க வேண்டும், நான் எழுதவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்தவரிடம் ஸ்கிரீனைக் காட்டினேன்.

"இதப் பாருங்க. உங்கள மாதிரியே ஒண்ணு. கிச்சன் குழாய்க்கு வாஷர் மாத்தறேன்னு வாக்குக் குடுத்தீங்களே, தீபாவளிக்கு முன்னாடி?"

"மாத்திடலாம் மாத்திடலாம்."

"பெண்டிங்" என்றேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் அவருக்கு அதுதான் பெயர்.

மறுநாள் அவர் கிளம்பிப் போனதும் காத்திரு என்கிற சொல்லைச் சேர்த்தேன். இணைப்புக் கிடைத்ததும் முதலில் ஏதாவது ஒரு வார்த்தை காட்டினால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. எல்லோரும் அந்த இடத்தில் 'கனெக்டட்' என்று எழுதுவார்கள். நான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'வந்துட்டேன்' என்று எழுதினேன். ஓட்டினேன். கர்சர் கண் சிமிட்டியது. அப்புறம் கருப்புத் திரையில், வெள்ளை எழுத்தில், மும்பையிலிருந்து எனக்கு ஒரு குரல் வந்தது. வந்துட்டேன். அதன் கீழே அவருடைய ஷிப்ட். யாருமில்லாத வீட்டில் "வா" என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது, கொஞ்சம் கண்ணீரும் வந்தது.

அன்றைக்கு அவர் கேட்டைச் சாத்திக் குரல் கொடுத்தபோது ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. ஓட்டிக் காட்டினேன். அவர் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இன்னாடி இது, என் டயலாக்கு?"

"ஆமா. உங்க ஷிப்டுதான் உள்ள இருக்கு. அதான் உங்க வார்த்தை."

அவர் இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். அதற்கப்புறம் இன்னொரு முறை. பின்னால் நின்றபடி மேலிருந்து கீழ்வரை நான் எழுதியதையெல்லாம் பார்த்தார். ஒரு வரியும் புரிந்திருக்காது. பிறகு முதல் வரியைக் காட்டி, "மேல பிள்ளையார் சுழி போடலியே?" என்றார்.

இவர்கள் வீட்டில் அது ஒரு நோய். பரம்பரையாக விவசாயம் பார்த்த குடும்பம். விதை நெல் கணக்கிலிருந்து கல்யாண அழைப்பிதழ் வரை உச்சியில் ஓர் 'உ' போட்டுக் கீழே கோடிழுக்காமல் எதையும் தொடங்க மாட்டார்கள். இவர் ஒருபடி மேலே. மளிகைச் சாமான் எழுதினால் உ. கேஸ் புக் பண்ண நம்பர் குறித்துக்கொண்டால் உ. ஒருமுறை மாத்திரைச் சீட்டின் பின்புறம் கொசுவர்த்தி என்று ஒரே ஒரு சாமான் எழுதினார், அதற்கும் மேலே ஒரு உ.

"அதெல்லாம் கம்ப்யூட்டருக்கு வேணாங்க."

"சொம்மா ஒரு ஓரமா போடு. இன்னா ஆயிடப்போது?"

"ஐயோ, இது உங்க மளிகை லிஸ்ட் இல்ல! ஒரு புள்ளி கூட வந்தாலும் நின்னுடும். தெரியாத விஷயத்துல கைய வைக்காதீங்க." குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்க எனக்கு அப்படித்தான் இருந்தது.

"சரி சரி, வுடு" என்று கை கழுவப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு மதிய ஷிப்ட். காலையில் வீட்டில்தான் இருந்தார். நான் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன், வந்துட்டேன் என்றது. ஒரு ஷிப்டின் பெயரில் விட்டுப்போன எழுத்தைத் தமிழில் தட்டித் திருத்திவிட்டு, கீபோர்டைத் தமிழிலிருந்து மாற்றாமல், லேப்டாப்பை அப்படியே திறந்து வைத்தபடி குளிக்கப் போனேன். புடவை கட்டிக்கொண்டு வந்தபோது லேப்டாப் மூடியிருந்தது, பூனை ஸ்டிக்கரின் நெற்றியில் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரே பையில் போட்டுக் கொடுத்தார். ஆவடி வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். பஸ் ஏறும்போது, "பயப்படாத, கீறேன்ல" என்றார். எங்கே இருக்கிறார், நான் போகிற இடத்தில்? ஆனாலும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எஸ்டேட் வரைக்கும் போனேன்.

அலுவலகம் ஒரு பழைய பட்டறையின் மாடியில் இருந்தது. கீழே ஏதோ மெஷின் ஓடுகிற அதிர்வில் மேலே தண்ணீர் பாட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. போனில் பேசிய பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, வைஃபை பாஸ்வேர்டு சொன்னாள். நான் முதல் காரியமாக அந்த இடத்தின் முகவரியை டேட்டாபேஸில் பதிந்தேன். அவள் கவனித்தாள், தலையசைத்தாள். எனக்குள் ஒரு நிமிர்வு வந்தது. ஓட்டுகிற கட்டளையைத் தட்டினேன்.

கர்சர் கண்ணே சிமிட்டவில்லை. தட்டிய கையோடு சிவப்பு.

முகவரி சரி, இணையம் சரி, காலையில் ஓடியது. இன்னொரு முறை தட்டினேன். மறுபடியும் சிவப்பு. அவ்வளவுதான், பரண்தான் என்று நினைத்தேன். பக்கத்தில் அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவசரமே இல்ல மேடம். என்ன சொல்லுதுன்னு படிங்க."

படித்தேன். கோப்பின் முதல் வரியில் பிழை. ஆங்கிலத்துக்கு நடுவே ஒற்றைத் தமிழ் எழுத்து. 'உ' என்று ஏதோ இருக்கிறது, அது என்னவென்று யாரும் சொல்லி வைக்கவில்லை, அதனால் என்னால் நகர முடியாது என்கிறது.

அந்தப் பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இது என்ன மேடம், உ?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. கைய வைக்காதீங்க என்று சொன்னேனா இல்லையா? இன்றைக்கு வீட்டுக்குப் போய் இந்த மனுஷனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டே கோப்பைத் திறந்தேன். உச்சியில் தனியாக நின்றது. ஒரு வரியில் ஓர் எழுத்து, கீழே என் முதல் வரி. அதை மற்ற எழுத்துகளோடு ஒட்டிவிடாமல், கவனமாகத் தனி வரியில் வைத்திருந்தார். எழுத்துப் பிறழாமல் வைக்க எவ்வளவு நேரம் ஒற்றை விரலால் தடவியிருப்பார்? மனுஷனுக்கு வாட்ஸ்அப்பில் 'சரி' என்று அனுப்பவே அரை மணி நேரமாகும். நான் குளிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, நான் வந்துவிடப் போகிறேன் என்கிற பயத்தோடு, ஒன்றுமே புரியாத ஒரு பக்கத்தின் தலையில் தனக்குத் தெரிந்த ஒரே நல்லதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் எடிட்டரும் நான் சொல்லி வைத்தபடியே அதைச் சமர்த்தாகச் சேமித்துக்கொண்டது.

அழிக்கிற பொத்தான் மேல் விரலை வைத்தேன். ஒரு தட்டுத் தட்டினால் போதும். விரல் போகவில்லை. அந்தக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்கு அவரை அப்போதே பார்க்க வேண்டும்போல் இருந்தது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரு வசதி உண்டு. ஒரு வரியின் முன்னால் இரண்டு சாய்கோடு போட்டுவிட்டால், அந்த வரி மனிதர்கள் படிப்பதற்கு. கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப் போய்விடும். 'உ'வுக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டேன். கட்டளையைத் தட்டினேன்.

கர்சர் சிமிட்டியது. கீழே மெஷின் ஓடியது. பாட்டில் நடுங்கியது.

வந்துட்டேன்.

அதன் கீழே: இன்று மதிய ஷிப்ட்.

"அதை டெலீட் பண்ணல?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இல்லங்க. அது எங்க வீட்டுக்காரர் போட்டது. இருக்கட்டும்."

அவள் என்னையும் ஸ்கிரீனையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரித்தாள், ஆனால் விடவில்லை. பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக இணைப்பைத் திறந்து மூடுகிறீர்களே, நிறையப் பேர் ஒரே நேரத்தில் வந்தால் என்னவாகும் என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரிந்துகொண்டு சாயங்காலத்துக்குள் எழுதி அனுப்புகிறேன் என்றேன். சொல்லி அனுப்புகிறோம் மேடம் என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியும்? வேலை கொடுக்காதவர்களும் அதைத்தானே சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியைக் கிளப்பாமல், கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. ஒரு நிமிடம்கூடத் தாமதமாகப் போகிற ஆள் இல்லை அவர்.

"இன்னா ஆச்சு?"

"முதல் வரியில என்னங்க பண்ணி வெச்சீங்க?"

ஹெல்மெட்டுக்குள் அந்த முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. "யு-ன்னு ஒண்ணு கீதே, அத்த அமுக்கினேன். டக்குனு உ-ன்னு வந்துச்சு. புள்ளையாரே வந்து குந்திகினாருன்னு நெனச்சேன்..." குரல் இறங்கிப்போயிற்று. "கெடுத்துட்டனாடி?"

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஒத்திகை பார்த்த திட்டு ஒன்றுகூட வாயில் வரவில்லை. "நின்னுச்சு. அப்புறம் ரெண்டு கோடு போட்டேன், ஓடுச்சு. உங்க உ அங்கேயேதான் இருக்கு" என்றேன். "நான் எடுக்கல."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும். இனிமே எதுல போட்டாலும் முன்னாடி ரெண்டு சாய்கோடு போட்டுடுங்க. இப்பக் கிளம்புங்க, நேரமாச்சு."

அவர் கிளம்பாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு போனார். மறுநாள் மளிகைச் சாமான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். உச்சியில் இரண்டு சாய்கோடு, பக்கத்தில் ஓர் உ, அதற்குக் கீழே துவரம்பருப்பு. இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறார்.

அன்று சாயங்காலமே பதிலை எழுதி அனுப்பினேன். புரோகிராம் தொடங்கும்போது ஒருமுறை இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும், வருகிறவர்களெல்லாம் அதையே பகிர்ந்துகொள்வார்கள், டிரைவர் பார்த்துக்கொள்ளும். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. போன் அடிக்கும்போதெல்லாம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடினேன். கடன் அட்டை வேண்டுமா என்றார்கள். மூன்றாவது முறை ஓடியபோது அந்தப் பெண். "திங்கக்கிழமை வர முடியுமா மேடம்? முதல்ல பயிற்சி மாதிரி, அப்புறம் பாக்கலாம்."

அவரிடம் சொன்னபோது குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். ஈர முகத்தோடு நின்றார். சிரித்தார், மூக்கை உறிஞ்சினார். பிறகு, "அந்த ஷிப்ட் பக்கத்துல உன்னுதையும் ஏத்து. என் போன்ல தெரியறா மாதிரி" என்றார்.

"எதுக்கு?"

"எதுக்கா? நீ எப்ப வருவன்னு நான் யாரப் போய்க் கேக்கறது?"

ஏற்றினேன். என் பெயரை அந்த டேட்டாபேஸில் அவர் பெயருக்குக் கீழே எழுதினேன். சாதாரணமாக ஒரு பதிவைச் சேர்க்கிற வேலைதான். டிரைவர் எடுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டது.

திங்கட்கிழமை அவருக்குக் காலை ஷிப்ட், எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுவார். நான் எஸ்டேட்டில் நெரிசலில் பஸ் ஏறி, ஆவடியில் ஷேர் ஆட்டோ பிடித்து, தெருமுனையில் இறங்கி நடந்தேன். கால் வலித்தது. லேப்டாப் பை தோளை அறுத்தது. கேட்டைத் திறந்தேன். உள்ளே போய்ச் சாத்தினேன். அது வழக்கம்போல் கத்தியது.

அந்த இடத்தில் நின்றுவிட்டேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிற சத்தமும் கேட்டது; அது மட்டும் பெண்டிங். இத்தனை வருடத்தில் அந்தக் கேட்டின் கத்தலை உள்ளேயிருந்துதான் கேட்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் சொல்ல வேண்டியதை ஒருநாளும் நான் சொன்னதில்லை.

"வந்துட்டேன்" என்றேன். தொண்டையிலிருந்து பாதிதான் வந்தது. உள்ளே பதிலில்லை.

இன்னொரு முறை சொன்னேன், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி.

"வா வா!" என்று அடுப்படியிலிருந்து அவர் குரல் வந்தது. "ஆறு மணின்னு போட்டுகினு கீது போன்ல, நீ இன்னா இவ்ளோ லேட்டு?"